சின்ன அறை

லண்டனில் கவுன்சில், அதாவது உள்ளூராட்சி மன்றத்தின் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் அந்த வீட்டை விற்க முடியாது, பிறருக்கு விடவும் முடியாது. ஆனால் மாற்றிக்கொள்ளலாம். வேறொரு கவுன்சில் வீட்டிலோ வீட்டுச் சங்கம் ஒன்றின் வீட்டிலோ இருப்பவர் சம்மதித்து, இரண்டு பக்கத்து நிர்வாகமும் எழுத்தில் அனுமதி தந்தால், அவர் இங்கே வரலாம், நாங்கள் அங்கே போகலாம். 1985ஆம் ஆண்டு வீட்டுச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் இந்த உரிமை இருக்கிறது. எங்கள் சனம் இதை 'ஸ்வாப்' என்றுதான் சொல்லும். பத்து வருடத்துக்கு மேல் வாடகை கட்டிய எங்களுக்கு இப்படி ஒரு வழி இருக்கிறது என்று எந்தக் கடிதமும் சொன்னதில்லை. 2013இல், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட மண்டபத்தில், பிள்ளைகள் வகுப்பு முடிந்து வரும்வரை தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தாய்மாரில் ஒருவர்தான் சொன்னார்.

"பிட் பண்ணிப் பண்ணிக் களைச்சுப் போகாதையுங்கோ அக்கா. நீங்களே ஒரு ஆளைத் தேடுங்கோ."

நாங்கள் இருந்தது கிழக்கு லண்டனில் ஒரு மாடிக் கட்டடத்தின் 11ஆவது தளம். இரண்டு படுக்கையறை. அது கிடைத்தபோது நாங்கள் மூன்று பேர்: நான், இவர், கைக்குழந்தையாக மகள். அதற்கு முதல் தற்காலிக விடுதி அறைகளில் பெட்டியைக்கூட முழுதாகத் திறக்காமல் இருந்தவர்களுக்கு அந்த ஃபிளாட் பெரிய ஆறுதல். தரை வெறும் சீமெந்து. முன்பிருந்தவர் போட்ட கம்பளத்தை உரித்து எறிந்துவிட்டுத்தான் அடுத்த குடும்பத்துக்குத் திறப்பைக் கொடுப்பார்கள். கம்பளம் வாங்கக் காசு சேரும்வரை பாயும் போர்வையும் விரித்துத்தான் மகளைத் தவழ விட்டோம். கட்டடத்தில் இரண்டு லிஃப்ட். ஒன்று ஒற்றை எண் மாடிகளில் நிற்கும், மற்றது இரட்டை எண் மாடிகளில். எங்களுடையது பழுதானால் 12ஆம் மாடிக்குப் போய் ஒரு தளம் இறங்கி வரவேண்டும். அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது இடம்தான்.

2013இல் மகளுக்கு 12 வயது, மகனுக்கு 10. பத்து வயதுக்குக் கீழ் ஆணும் பெண்ணும் ஒரே அறையைப் பங்கிடலாம் என்பது அரசாங்கத்தின் அறைக் கணக்கு. மகனுக்குப் பத்து ஆனதும் எங்கள் குடும்பத்துக்கு மூன்று அறை வேண்டும் என்று அந்தக் கணக்கே ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதோடு சரி. வாரம்தோறும் வெளிவரும் வீட்டுப் பட்டியலைப் பார்த்து, பிடித்த வீட்டுக்கு விருப்பம் பதிந்துவிட்டு (பிட் பண்ணுவது என்றால் அதுதான்), வரிசையில் எத்தனையாவது ஆள் என்று பார்ப்போம். எங்களுக்கு முன்னால் எப்போதும் ஒரு ஊரே நிற்கும். மகள் பெரியபிள்ளை ஆனபிறகு குளியலறைக்குள் போய் உடுப்பு மாற்றுவாள். தம்பி நித்திரையாகும்வரை குசினிக்குள் நின்று படிப்பாள். அவள் ஒருநாளும் முறையிட்டதில்லை. முறையிட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அதுவரை நான் இருந்த எந்த வீட்டையும் நான் தெரிந்தெடுத்ததில்லை. பிறந்த வீடு பிறப்போடு வந்தது. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தில் போர் நெருங்க, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டு, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனபோது, கொடிகாமத்தில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் தங்கள் நெல் மூட்டைகளை விறாந்தைக்கு மாற்றிவிட்டு எங்களுக்கு ஓர் அறை தந்தது. லண்டனில் அதிகாரிகள் தந்த இடங்களில் இருந்தோம். தந்ததற்கு நன்றி சொல்லி வாழப் பழகிய எனக்கு, "உங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும்?" என்ற கேள்விக்கு முதலில் பதிலே வரவில்லை. ஹோம்ஸ்வாப்பர் என்ற இணையத்தளத்தில் விளம்பரம் பதியும்போது அந்தக் கேள்வி இருந்தது. மகள்தான் எழுதினாள்: மூன்று அறை, தோட்டம் இருந்தால் நல்லது, ரயிலுக்குக் கிட்ட.

பல வீடுகள் பார்த்தோம். சிலர் எங்கள் ஃபிளாட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லி வரவில்லை. மூன்று குடும்பம் வட்டமாக மாறும் ஒரு ஏற்பாடு கடைசி நேரத்தில் ஒருவர் விலகியதால் குலைந்தது. அதைப்பற்றி எழுத அதிகம் இல்லை.

பிறகு பெக்கன்ட்ரீயிலிருந்து ஒரு செய்தி வந்தது. டிஸ்ட்ரிக்ட் லைனில் கிழக்கே போனால் பார்க்கிங், அப்னி தாண்டி வரும் நிலையம். முதலாம் உலகப் போர் முடிந்து வந்தவர்களுக்கும் கிழக்கு லண்டனின் நெருக்கடியான தெருக்களில் இருந்தவர்களுக்கும் வீடு தருவதற்காக 1919இல் வந்த சட்டத்தின் கீழ், லண்டன் கவுண்டி கவுன்சில் 1921இல் கட்டத் தொடங்கிய குடியிருப்பு அது. பத்துப் பதினைந்து வருடத்தில் ஏறத்தாழ 26,000 வீடுகள் எழுந்தன. ஒரு வீட்டைப் பார்த்தால் மற்ற எல்லாவற்றையும் பார்த்த மாதிரி இருக்கும் என்று முன்பே சொல்லி அனுப்பினார்கள். அது சரியல்ல. கவுன்சில் வீடுகளை வாங்கலாம் என்று 1980இல் சட்டம் வந்தபிறகு வாங்கியவர்கள் முகப்பில் கல் பதித்திருந்தார்கள், முன்வாசலில் சிறிய மண்டபம் எழுப்பியிருந்தார்கள், கதவை மாற்றியிருந்தார்கள். வாங்காதவரின் வீடு பழைய முகத்தோடு அப்படியே இருந்தது. தெருவைப் பார்த்தாலே யார் சொந்தக்காரர், யார் வாடகைக்காரர் என்று சொல்லிவிடலாம். நாங்கள் போன வீடு இரண்டு சொந்த வீடுகளுக்கு நடுவில் இருந்த வாடகை வீடு. முன்னால் ஒழுங்காக வெட்டிய பச்சை வேலி, பின்னால் நீளமான தோட்டம், அதில் ஒரு அப்பிள் மரம்.

கதவைத் திறந்தவருக்கு வயது 56. பாடசாலை உணவு மண்டபத்தில் பகுதிநேர வேலை. கணவர் டாகன்ஹம் ஃபோர்டு தொழிற்சாலையில் கார் பொருத்தும் பிரிவில் இருந்தவர். 2002இல் அங்கே கார் பொருத்துவது நின்றபோது வேலை போனது, சில வருடம் கழித்து அவரும் போனார். மூத்த மகள் கல்யாணம் கட்டி, எங்கள் மாடிக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தாள். இளைய மகள் மட்டும் தாயோடு.

வீட்டில் இரண்டு பேர், மூன்று அறை. 2013 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து அது குற்றமாகிவிட்டது. சனம் பெட்ரூம் டாக்ஸ் என்று சொன்ன அந்த விதி, உழைக்கும் வயதில் இருந்து வாடகைக்கு அரசு உதவி எடுக்கும் ஒருவரிடம் ஒரு அறை கூடுதலாக இருந்தால் வாடகையில் 14 வீதத்துக்கான உதவியை நிறுத்தியது. இரண்டு அறை கூடினால் 25 வீதம். பகுதிநேரச் சம்பளத்தில் அந்த 14 வீதத்தை அவர் எங்கிருந்து எடுப்பார்? சிறிய வீட்டுக்குப் போங்கள் என்றது அரசாங்கம். சிறிய வீடுகள் போதிய அளவு இல்லை. எங்களுக்குப் பெரிய வீடு இல்லை, அவருக்குச் சிறிய வீடு இல்லை. அதனால்தான் அன்று நாங்கள் அவருடைய குசினி மேசையில் இருந்தோம்.

அவர் வீட்டை அறை அறையாகக் காட்டினார். மேல்மாடியில் முன்பக்கம் ஒரு பெரிய அறை, பின்பக்கம் ஒரு நடுத்தர அறை. படிக்கட்டின் தலைப்பில் மூன்றாவது, சின்ன அறை. ஒரு ஒற்றைக் கட்டில் போட்டால் கதவை அரைவாசிதான் திறக்கலாம். யன்னலோரம் தையல் மெஷின் இருந்தது. சுவரில் பென்சில் கோடுகள், பக்கத்தில் திகதிகள்: பிள்ளைகள் வளர்ந்த உயரம். பேரப்பிள்ளைகள் இரட்டையர், அப்போது இரண்டு வயது. அவர்கள் வந்து தங்கும் இரவுகளில் இந்த அறையில்தான் படுப்பார்களாம். இதுதான் அந்தக் கூடுதல் அறை என்று சொல்லிவிட்டு அவர் கொஞ்ச நேரம் கதவடியில் நின்றார். என் மகள் அதற்குள் போய் யன்னலைத் திறந்து பார்த்தாள். அவளுடைய முகத்தில் இருந்ததை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

எங்களுக்கு வேண்டியிருந்த அறையும் அவரிடமிருந்து பிடுங்கப்பட்ட அறையும் ஒன்று. அன்று திரும்பும் ரயிலில் இவரிடம் சொன்னேன்.

"இஞ்சரப்பா, அந்த மனிசியை விரட்டிப்போட்டு நாங்கள் போற மாதிரி எல்லோ கிடக்கு."

"நாங்கள் போகாட்டில் வேற ஆர் எண்டாலும் போகத்தான் போகினம். அவவுக்கும் பேரப்பிள்ளையளிட்டைப் போக விருப்பம் எண்டு சொன்னவதானே."

இவர் சொன்னது உண்மைதான். அந்த விருப்பமும் பொய்யில்லை. ஆனால் விருப்பத்தோடு போவது வேறு, காசை வெட்டிப் போகவைப்பது வேறு. இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் நடக்கும்போது அவரிடம் "சந்தோஷமா?" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த கிழமை அவர் எங்கள் ஃபிளாட்டைப் பார்க்க வந்தார். நான் வீட்டை ஒதுக்கி, பூ வாங்கி வைத்து, ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தேன். உள்ளே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, இந்தக் கட்டடத்தில் காஸ் இருக்கிறதா என்பது. இல்லை, அடுப்பும் சூடாக்கியும் மின்சாரம்தான் என்றேன். அதன்பிறகுதான் கோட்டைக் கழற்றினார். அவர் பிறந்து வளர்ந்தது கனிங் டவுன். 1968 மே 16 அதிகாலையில் அங்கே ரோனன் பொயின்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தின் 18ஆம் தளத்தில் ஒரு பெண் தேத்தண்ணீருக்கு அடுப்பைப் பற்றவைக்க, கசிந்திருந்த காஸ் வெடித்தது. சுவர்ப்பலகைகள் ஒன்றையொன்று தாங்கி நின்ற கட்டடம் அது. ஒரு மூலை முழுவதும் மேலிருந்து கீழ்வரை சரிந்து விழுந்தது. குடிவந்து இரண்டு மாதமாகியிருந்த கட்டடம். நான்கு பேர் இறந்தார்கள். அப்போது அந்த அம்மாவுக்கு 11 வயது. படுக்கையில் கிடந்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டவர். இனி ஒருநாளும் மாடியில் இருக்கமாட்டோம் என்று தாய் சொன்னதாகச் சொன்னார்.

ஷெல் சத்தத்தை இன்றும் காதில் வைத்திருக்கிற எனக்கு அதைக் கேட்டதும் அவருக்கு ஃபிளாட்டின் நன்மைகளை எடுத்துச் சொல்ல மனம் வரவில்லை. எந்த லிஃப்ட் எத்தனை நாளைக்கு ஒருமுறை நிற்கும், குளிர்காலத்தில் எந்தச் சுவரில் ஈரம் பூக்கும், மேல்வீட்டுப் பிள்ளை எத்தனை மணிவரை ஓடும் என்று எல்லாம் சொன்னேன். இவர் எனக்குக் கண் காட்டிக்கொண்டே இருந்தார். வந்தவர் வீட்டைத் தட்டிக்கழித்துவிடுவார் என்ற பயம் இவருக்கு. அந்த அம்மா குசினி யன்னலடியில் நின்று, மகளின் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார். காட்டினேன். அந்தக் கூரையை எண்ணிக் கண்டுபிடித்தபிறகு, எப்போது விண்ணப்பம் போடலாம் என்றார்.

விண்ணப்பம் போட்டால் 42 நாட்களுக்குள் நிர்வாகம் முடிவு சொல்லவேண்டும். என்னென்ன காரணத்துக்கு மறுக்கலாம் என்பதும் சட்டத்தில் பட்டியலாக இருக்கிறது: வீடு குடும்பத்தின் தேவைக்கு மிகப் பெரிது, அல்லது பொருந்தாது, அல்லது மாற்றுத்திறனாளிக்காக அமைத்தது என்று இப்படி. அந்தப் பட்டியலுக்கு வெளியே ஒரு காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது. எனக்கு இது மிகவும் பிடித்த பகுதி. எத்தனையோ கந்தோர்களில், ஏன் இல்லை என்று கேட்கக்கூடத் தெரியாமல் திரும்பி வந்தவர்கள் நாங்கள். இங்கே, சொந்தமாக ஒரு செங்கல் இல்லாத இரண்டு பெண்கள் நீ என் வீட்டை எடு, நான் உன் வீட்டை எடுக்கிறேன் என்று தீர்மானிக்க, அதை மறுப்பதென்றால் நிர்வாகம்தான் காரணம் காட்டவேண்டும்.

ஆனால் வாடகைப் பாக்கி இருந்தால், அதைக் கட்டித் தீர்த்த பிறகுதான் மாறலாம் என்று நிபந்தனை போடலாம். அவருக்குப் பாக்கி இருந்தது. ஏப்ரலில் இருந்து அந்த 14 வீதத்தை முழுதாகக் கட்ட முடியாமல் சேர்ந்த பாக்கி. கூடுதல் அறைக்காகக் காசை வெட்டினார்கள், வெட்டியதால் கடன் வந்தது, கடன் வந்ததால் அந்தக் கூடுதல் அறையை விட்டுப் போகவும் முடியவில்லை. இந்த விதியை எழுதியவர்கள் ஒரு நாளாவது இப்படி ஒரு குசினியில் இருந்து யோசித்திருப்பார்களா?

என்னிடம் சீட்டுக் காசு இருந்தது. அந்தப் பாக்கியைவிடக் கூட. எங்கள் ஊரில் இதற்குப் பெயர் கைமாற்று. இல்லாத நேரம் கொடுப்பது, இருக்கும் நேரம் வாங்குவது. கொடுத்துவிடுவோம் என்று இவரும் சொன்னார். நல்ல காலம், எதற்கும் கேட்டுவிட்டுச் செய்வோம் என்று ஒரு சட்ட ஆலோசனை நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த பிள்ளை நாங்கள் சொன்னதைக் கேட்டுத் தலையில் கைவைத்தாள். வீடு மாற்றுவதை ஒட்டி ஒருவருக்கொருவர் காசு கொடுத்தால், அது லஞ்சம்போல் கொடுத்ததா இரக்கத்தில் கொடுத்ததா என்று பிரித்துக் காட்டுவது கஷ்டம். இரண்டு குடும்பத்தையும் வெளியேற்ற அதையே காரணமாக எடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்றாள். ஏன் அப்படி ஒரு விதி என்று யோசித்தால் விளங்குகிறது. இல்லாவிட்டால் ஏழைகளின் வீடு ஏலத்துக்கு வந்துவிடும், காசுள்ளவன் நல்ல தெருவை வாங்குவான். விதி சரி. ஆனாலும் கையில் காசை வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒருவர் முக்கி முக்கிக் கடன் கட்டுவதைப் பார்த்திருந்த மாதங்கள் கொடுமையானவை. நான் செய்யக்கூடியது காத்திருப்பது மட்டும்தான். பொறுங்கள் என்று அவர் சொல்லும் ஒவ்வொரு முறையும், எங்களுக்கு அவசரமில்லை என்று சொன்னேன். இடையில் வேறொரு வீடு வந்தது. அதை நாங்கள் பார்க்கவே போகவில்லை. அவர் கூடுதல் வேலை செய்து, தங்கையிடம் கொஞ்சம் வாங்கி, அடுத்த வசந்தத்தில் கட்டி முடித்தார்.

மாறும் நாளில் இரண்டு வீட்டிலும் ஒரே காலையில் வான் நின்றது. முன்தினம் அவருடைய வீட்டில் காஸ் சோதனை, இரண்டு வீட்டிலும் மின்சாரச் சோதனை. இருந்தபடி ஏற்றுக்கொள்கிறேன் என்று கையெழுத்து வைத்திருந்தோம். அதாவது அவர் ஒட்டிய சுவர்க் காகிதம், அவர் போட்ட அலுமாரி, அதன் பழுது எல்லாம் இனி எங்கள் பொறுப்பு. நாங்கள் ஆளுக்காள் பேசிக்கொண்டது இதைவிட விரிவானது. நான் கம்பளங்களையும் யன்னல் சீலைகளையும் விட்டுவிட்டேன். மகள் பாயில் தவழ்ந்த தரையில் அவருடைய பேரப்பிள்ளைகள் கால்வைக்கும்போது கம்பளம் இருக்கட்டும் என்று முந்திய வாரம் ஆள்பிடித்துக் கழுவுவித்தேன். அவர் தோட்டக் கொட்டிலையும் அதற்குள் இருந்த மண்வெட்டி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அப்பிளை எந்த மாதம் பிடுங்கவேண்டும், கொதிகலன் நின்றால் எந்தப் பொத்தானை அழுத்தவேண்டும், எந்தப் பக்கத்து வீட்டுக்காரர் திறப்பு வைத்திருப்பார் என்று இரண்டு பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். இப்படி ஒரு கடிதம் தந்து எங்களை யாரும் ஒரு வீட்டுக்குள் விட்டதில்லை.

சின்ன அறையின் பென்சில் கோடுகளை வெள்ளையடித்து மறைத்துவிடுங்கள், பிள்ளைகளின் அறை புதிதாக இருக்கட்டும் என்று அவர் அதில் எழுதியிருந்தார். மகள் அடிக்க விடவில்லை. அந்த ஒரு துண்டுச் சுவரை விட்டுவிட்டு மிச்சத்துக்கு நிறம் பூசினோம். பால் காய்ச்சிக் குடிபூரல் செய்த ஞாயிற்றுக்கிழமை அவரும் இரண்டு மகள்மாரும் இரட்டையரும் வந்தார்கள். இரட்டையரை அந்தச் சுவரோடு நிறுத்தி, தாயின் கோடுகளுக்குப் பக்கத்தில் என் மகள் இரண்டு புதுக் கோடுகள் போட்டாள். அந்த அம்மா கீழே வந்து, சட்டி கழுவிக்கொண்டிருந்த எனக்குப் பக்கத்தில் நின்று அழுதார். நானும் அழுதேன். அவருக்கு அவருடைய காரணம், எனக்கு என்னுடையது.

ஸ்வாப்பினால் நாட்டில் ஒரு வீடு கூடுவதில்லை. இரண்டு நெருக்கடியை ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்ப்பதுதான் அது, பொருந்தினால் அதிர்ஷ்டம். புதிதாகக் கட்டவேண்டியதைக் கட்டாமல், இருப்பவர்களின் அறைகளை எண்ணி, ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பதை வீட்டுக் கொள்கை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அந்த அறை எனக்குக் கிடைத்ததால்தான் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

அவருடைய இளைய மகளும் பிறகு கல்யாணம் கட்டிப் போய்விட்டாள். 11ஆம் மாடியில் அவர் தனி ஆள், இரண்டு அறை. மறுபடியும் ஒரு அறை கூடிவிட்டது, மறுபடியும் 14 வீதம். இந்த முறை அவர் மாற மறுத்துவிட்டார். இரவுநேரத் துப்புரவு வேலை ஒன்றைச் சேர்த்து எடுத்துக்கொண்டு கட்டினார். 2023இல் அவருக்கு 66 வயது ஆனது. ஓய்வூதிய வயதை அடைந்தவர்களுக்கு அந்த வெட்டு இல்லை. ஒரு கடிதத்தில் எல்லாம் நின்றுபோனது. இரட்டையர் இப்போது உயர்நிலைப் பாடசாலையில். வீட்டில் இடம் போதாததால் பாடசாலை விட்டதும் நேரே பாட்டியிடம் போகிறார்கள். ஒருவன் குசினி மேசையில் படிக்கிறான், மற்றவன் அந்தக் கூடுதல் அறையில். ஒரு வருடமாக யாரும் அந்த அறைக்குக் காசு கேட்கவில்லை என்று அவர் தொலைபேசியில் சொன்னபோது, இரவு வேலையை விட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். அன்று காலைதான் விலகல் கடிதம் கொடுத்ததாகச் சொன்னார்.